கிளாஸ் நடக்குறப்பவே கூரை வேலை, மழை வந்தா முன்னவிட ஜாஸ்தி ஒழுகுது. உங்க கேம்பஸ்லயும் இப்படித்தானா?

#1 ஈரச்சுவர்
நான் எம்.எஸ்.சி ஃபிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். எங்க இடம் எதுன்னு சொல்ல மாட்டேன், கண்டுபிடிச்சாலும் இங்க எழுதாதீங்க ப்ளீஸ், எனக்கு இன்னும் வைவா பாக்கி இருக்கு. மெயின் பிளாக் நூறு வருஷத்துக்கு மேல பழசு. ரெண்டடி தடிமன் செவுரு, தேக்கு உத்திரம், ஆள் நுழையுற சைஸ்ல ஜன்னல், ஏப்ரல் வெயில்லயும் உள்ள போனா ஜில்லுனு இருக்கும். மே மாசம் முழுக்க கேம்பஸ் காலியா கெடந்துச்சு, அப்ப ஒரு செங்கல் கூட நகரல. ஆகஸ்ட்ல கிளாஸ் ஆரம்பிச்சு சரியா மூணாவது வாரம் சாரம் கட்ட ஆரம்பிச்சாங்க.

குவாண்டம் எடுக்குற மேடம் ட்ரில் மெஷின் நிக்கிற கேப்ல ஒரு ஈக்வேஷன் எழுதுவாங்க, திரும்ப ஓட ஆரம்பிச்சா சாக்பீஸ கையில வச்சுக்கிட்டு அப்படியே நிப்பாங்க, நாங்களும் அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். லேப் இன்னும் மோசம், ஸ்பெக்ட்ரோமீட்டர் ப்ரிஸம் மேல தூசி, கால்வனாமீட்டர்ல லைட் ஸ்பாட் ஆடிக்கிட்டே இருக்கு ரீடிங் எடுக்கவே முடியல. ஒரே நல்ல விஷயம், லேசர் போட்டா பீம் போற பாதை தூசில சூப்பரா தெரியுது.

செப்டம்பர்ல மொட்டமாடில இருந்த பழைய தட்டோட்டையெல்லாம் பேத்துட்டு மேல சிமெண்ட் கான்கிரீட் போட்டாங்க. அப்பாடா ஒழுகல் நிக்கும்னு நெனச்சோம். ஏன்னா அதுக்கு முன்னாடி 14ஆம் நம்பர் ரூம்ல ஒரே ஒரு எடத்துலதான் சொட்டும். இப்ப ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து மூணு எடத்துல ஊத்துது. மூணு வாளி வச்சிருக்கோம். இது எப்படின்னு யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 சும்மாபடிக்கிறவன்
வேலை நடக்கலைன்னா பில்டிங் இடியுதுன்னு அழுவீங்க, நடந்தா தூசி சத்தம்னு அழுவீங்க. கவர்மெண்ட்டு காசு ஒதுக்கி பண்றதே பெருசு. ஆறு மாசம் பொறுத்துக்கிட்டா அடுத்த பேட்ச் நிம்மதியா படிக்கும்ல.

#3 ஈரச்சுவர்
தல அடுத்த பேட்ச் நிம்மதியா படிக்கும்னா நான் மூச்சே விட மாட்டேன். பிரச்சனை என்னன்னா காசும் செலவாச்சு, நாங்களும் தூசி தின்னாச்சு, ஒழுகலும் மூணு மடங்காச்சு. இதுல எதை பொறுத்துக்கிறது?

#4 பி_பிளாக்_ஹாஸ்டல்
எங்க ஊர்ல (வேற காலேஜ், நானும் பேர் சொல்லல) நாக் (காலேஜுக்கு கிரேடு போட வர்ற டீம்) விசிட்டுக்கு முன்னாடி நடந்த கூத்தைக் கேளுங்க. ஒரு மாசம் முழுக்க முன்பக்கம் மட்டும் பெயிண்ட். கேட்டுல இருந்து செமினார் ஹால் வரைக்கும் பேவர் பிளாக், ரெண்டு பக்கமும் தொட்டிச்செடி, செடி வாடகைக்கு எடுத்ததுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, விசிட் முடிஞ்ச மறுநாள் குட்டியானை வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு. லேடீஸ் டாய்லெட்ல நாலுல ரெண்டு கதவுக்கு தாழ்ப்பாள் இல்ல, அது முன்னாடியும் இல்ல இப்பவும் இல்ல. ஒருத்தி வெளிய நின்னு கதவ புடிச்சுக்கணும். ஒரு தாழ்ப்பாள் என்ன வெல இருக்கும், நூறு ரூபா இருக்குமா?

டீம்ல இருந்த ஒரு வயசான மேடம் டாய்லெட் எங்கன்னு கேட்டாங்களாம். ஸ்டாஃப் ரூம் டாய்லெட்டுக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கு வந்த ஒரே சான்ஸும் போச்சு 😭

#5 சைட்_சிவில்
சிவில் முடிச்சு நாலு வருஷமா சைட்ல இருக்கேன், பாதி கவர்மெண்ட் வேலைதான். லீவுல ஏன் பண்ணலைன்னு எல்லாரும் கேப்பீங்க, எனக்கும் படிக்கிறப்ப அந்த கோவம் இருந்துச்சு. உள்ள வந்து பாத்தாதான் புரியுது. காலேஜ் லெட்டர் போடும், எஸ்டிமேட் போடுவாங்க, நிர்வாக அனுமதி வரணும், அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, அப்புறம் டெண்டர், அப்புறம் அக்ரிமெண்ட், அப்புறம்தான் சைட்ட ஒப்படைப்பாங்க. இதுல எங்கயாவது ஒரு ஃபைல் ஒரு டேபிள்ல படுத்துச்சுன்னா உங்க மே மாசம் காலி. அந்தப் பக்கம் மார்ச் முடியுறதுக்குள்ள பில் போடலைன்னா காசு திரும்பிப் போயிடும்னு ஒரு பயம். ஆகஸ்ட்டுக்கும் மார்ச்சுக்கும் நடுவுல என்ன இருக்கு? உங்க செமஸ்டரும் வடகிழக்குப் பருவமழையும். யாரும் வேணும்னு உங்களப் பழிவாங்கல, காலண்டர் அப்படி.

ஆனா கூரைய மழைக்கு முன்னாடி மாசம் பிரிச்சது தப்புதான், அதுக்கு நான் சப்பக்கட்டு கட்ட மாட்டேன். உள்வேலைய முதல்ல முடிச்சுட்டு கூரைய தை மாசத்துக்கு தள்ளிருக்கலாம்.

@ஈரச்சுவர் கான்கிரீட் போட்டப்புறம் எத்தன நாள் தண்ணி தேக்கி ஈரமா வச்சாங்க? பாத்தி கட்டுனாங்களா?

#6 ஈரச்சுவர்
பாத்தி எல்லாம் பாக்கல அண்ணா. ரெண்டு நாள் ஒருத்தர் டியூப் வச்சு தெளிச்சாரு. மூணாவது நாள் எங்க டிபார்ட்மெண்ட் ஃபங்ஷன், மாடிக்கு போக வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் தெரியல.

#7 சைட்_சிவில்
அப்ப அங்கயே பாதி கதை முடிஞ்சுது. கான்கிரீட்டுக்கான நம்ம இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி சாதா சிமெண்ட்டுக்கே குறைஞ்சது ஏழு நாள், இப்ப கடையில கெடைக்கிற பி.பி.சி மாதிரி கலப்பு சிமெண்ட்டுன்னா பத்து நாள் ஈரம் காயக் கூடாது, வெயில் ஊர்ல பதினாலு வரைக்கும் இழுக்குறது நல்லது. மெல்லிசா மொட்டமாடில போட்ட கான்கிரீட்ட ரெண்டு நாள்ல காய விட்டா அப்பளம் மாதிரி வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிர் விரிசல் போதும், தண்ணி வழி கண்டுபிடிச்சுக்கும்.

#8 கொத்தனார்பேரன்
சிவில் அண்ணன் சொல்றது சரி ஆனா அது பாதிதான். எங்க தாத்தா சுண்ணாம்பு வேலை செஞ்ச கொத்தனார், அப்பா சிமெண்ட் கொத்தனார், நான் பி.காம் 😄 தாத்தா சொல்லிச் சொல்லி எனக்கு இது மனப்பாடம் ஆயிடுச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

தம்பி சொல்ற கூரைக்குப் பேரு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதுமேல குறுக்குக் கட்டை, கட்டைக்கு மேல ஆச்சுக்கல்னு சின்ன செங்கல், பிஸ்கட்ட நெட்டுக்குத்தா நிறுத்துன மாதிரி சாய்வாட்டம் அடுக்கி சுண்ணாம்புச் சாந்துல கட்டுவாங்க. அதுக்கு கீழ சென்ட்ரிங் எதுவும் கிடையாது, சாந்து புடிச்சுக்குற வேகத்துலயே அடுத்த வரிசை போயிட்டே இருக்கணும். அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு நாலு இஞ்ச் போட்டு, பொம்பளைங்க வரிசையா குத்துக்காலிட்டு உக்காந்து மரக்கட்டையால தட்டிக்கிட்டே வருவாங்க, ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கட்டை பட்டா துள்ளணும் அது வரைக்கும். தட்டுறப்ப கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய தெளிப்பாங்க. கடைசியா தட்டோடு. உங்காளுங்க பேத்துப் போட்டது அந்தத் தட்டோடுதான், அடியில இருந்த ஜல்லியையும் சேத்து சொரண்டிட்டாங்களான்னு பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். சுண்ணாம்பு மூச்சு விடும். மழைல கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் அடிச்சா மேல விட்டுடும். உத்திரம் வெயிலுக்கு நீளும் மழைக்கு உப்பும், சுண்ணாம்பு கூடச் சேந்து கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும், சின்ன விரிசல்ன்னா அதுவே ஓரளவு மூடிக்கும். அதுமேல கொண்டு போய் சிமெண்ட்ட போட்டா என்ன ஆகும், கீழ இருக்குறது அசையுது மேல இருக்குறது வெறைப்பா நிக்குது, அப்ப மேல இருக்குறது ஒடைஞ்சுதான ஆகணும். ஒடைஞ்ச வழியா எறங்குன தண்ணி திரும்ப மேல போக முடியாது, சிமெண்ட் மூடி போட்டுருச்சு. அது எறங்கி உத்திரம் செவுத்துக்குள்ள நுழையுற முனையில போய் உக்காரும். தேக்கா இருந்தாலும் வருஷக்கணக்கா ஈரத்துலயே கெடந்தா முனை மக்கிடும். சொட்டுறது உங்க அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கோங்க, சொட்டாம உள்ளயே தேங்குச்சுன்னா உத்திரம் கீழ வர்ற அன்னைக்குதான் தெரியும்.

#9 சும்மாபடிக்கிறவன்
கடுக்காய் வெல்லம்னு ஆரம்பிச்சாச்சா. இனி தஞ்சாவூர் பெரிய கோயில், கல்லணை, முன்னோர்கள் முட்டாள்கள் அல்லன்னு வந்துடும். 2020கள்ல இருக்கோம் பாஸ், வாட்டர் ப்ரூஃபிங் கெமிக்கல் ஆயிரம் இருக்கு.

#10 கொத்தனார்பேரன்
வாட்ஸ்அப் ஃபார்வேர்ட் மாதிரி தோணுனா தோணட்டும். புது பில்டிங்ல சுண்ணாம்பு போடுன்னு நான் சொல்லவே இல்லையே. பழைய சுண்ணாம்பு பில்டிங்குக்கு சுண்ணாம்பு போடுன்னுதான் சொல்றேன். கதர் சட்டைக்கு ரப்பர் ஒட்டுப் போட்டா எப்படி இருக்கும் அதைத்தான் சொல்றேன்.

#11 சைட்_சிவில்
இதுல கொத்தனார்பேரன் பக்கம்தான் நான், கடுக்காய்க்காக இல்ல, வெயிட்டுக்காக. ஒரு கணக்கு போடுவோம். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2400 கிலோ. மூணு இஞ்ச் கனம்னா ஒரு சதுர மீட்டருக்கு 180 கிலோ. கிளாஸ் ரூம் 20க்கு 30 அடின்னு வச்சுக்கோங்க, 55 சதுர மீட்டர் சொச்சம். மொத்தம் பத்து டன். பேத்து எடுத்த தட்டோடு கொஞ்சம் கழியும், சரி, அப்பவும் நூறு வருஷம் முன்னாடி ஒருத்தன் போட்ட உத்திரத்து மேல புதுசா பல டன் ஏத்திருக்கோம். உத்திரம் தாங்குமான்னு யாராவது செக் பண்ணாங்களா, அதுதான் என் கேள்வி. தொங்கிப்போன உத்திரத்துக்கு மேல கான்கிரீட்டும் தொங்கும், நடுவுல பள்ளம் விழும், பள்ளத்துல தண்ணி நிக்கும்.

கெமிக்கல் போடலாம்னு சொன்ன நண்பருக்கு: போடலாம், நானே போட்டிருக்கேன். கீழ இருக்குற தளம் அசையாம இருந்தா நல்லா நிக்கும்.

#12 பழையமாணவன்96
உங்க எல்லாரையும் விட வயசுல மூத்தவன், 96 பேட்ச். மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன். சாயங்காலம் மெரினா போறப்ப யுனிவர்சிட்டி செனட் ஹவுஸ் பூட்டிக் கெடக்குறத பாத்துக்கிட்டே போவோம். சிஸம்னு வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட், 1874ல ஆரம்பிச்சு 1879ல முடிச்ச கட்டடம், பிரசிடென்சி காலேஜும் அவர் கைவேலைதான். அப்புறம் யுனிவர்சிட்டி 150வது வருஷத்த ஒட்டி செனட் ஹவுஸ புதுப்பிச்சாங்க, அந்த கலர் கண்ணாடி ஜன்னலெல்லாம் வெளிச்சத்துல பாத்தப்ப இதையா இத்தன வருஷம் பூட்டி வச்சிருந்தாங்கன்னு ஆயிடுச்சு எனக்கு.

அதுக்குப் பக்கத்துலயே சேப்பாக்கம் அரண்மனையில கலஸ் மஹால் 2012 ஜனவரில தீப்புடிச்சு எரிஞ்சுது, ஞாபகம் இருக்கும். மேல் கூரையே போயிடுச்சு. இடிச்சுட்டு புதுசா கட்டிடுவாங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டோம். ஆனா பொதுப்பணித்துறையே சுண்ணாம்பு அரைச்சு பழைய முறைப்படி திரும்பக் கட்டுனாங்க, இப்ப பசுமைத் தீர்ப்பாயம் அங்கதான் நடக்குது. ஆக, நம்ம ஊர்ல ஆளே இல்ல, தெரியாதுங்குற பேச்சு செல்லாது தம்பி. நீதிமன்றம் உக்கார்ற எடத்துக்கு கெடைக்கிற கொத்தனாரு கிளாஸ் ரூமுக்கு கெடைக்க மாட்டாரா?

#13 சைட்_சிவில்
கெடைப்பாரு சார், எஸ்டிமேட்ல அந்த ஐட்டம் இருந்தா. சாதா ரெனவேஷன்னு எஸ்டிமேட் போட்டா சாதா ரேட்டுதான் வரும், சாதா கான்ட்ராக்டர்தான் வருவான், அவன் கையில சிமெண்ட்தான் இருக்கும். சுண்ணாம்ப தாளிச்சு ஊறப்போட்டு அரைச்சு வேலை செய்ய அவனுக்கு நேரமும் இல்ல ஆளும் இல்ல. அவனத் திட்டி பிரயோஜனம் இல்ல, எஸ்டிமேட் எழுதுன அன்னைக்கே உங்க கூரை முடிவாயிடுச்சு.

#14 மூணாங்கால்
கூரைய விடுங்கப்பா, நான் அந்தக் கூரைக்குக் கீழ வந்து சேர்றதுக்கே வழி இல்ல. (ஊன்றுகோல் வச்சு நடக்குறவன், அதான் இந்தப் பேரு, யாரும் சாரி சொல்ல வேணாம்.)

எங்க கேம்பஸ் ரெனவேஷன்ல ரேம்ப் கட்டுனாங்க. ஃபோட்டோல பாத்தா நல்லாத்தான் இருக்கு. லைப்ரரி வாசல்ல மூணு படி, ஒன்றரை அடி ஒசரம். ஒண்ணுக்குப் பன்னெண்டுன்னு ஒரு சாய்வுக் கணக்கு இருக்கு, ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம், அந்தக் கணக்குப்படி பதினெட்டு அடி வேணும். இவங்க கட்டுனது ஆறு அடி. அது ரேம்ப் இல்ல, சறுக்குமரம். அதுலயும் பளபளன்னு வழவழா டைல்ஸ் ஒட்டிட்டாங்க, ஏன்னா லாபிக்கு வாங்குனதுல மிச்சம் இருந்துச்சாம். மழை பெஞ்சா நல்ல காலு உள்ளவனே அதுல நடக்க மாட்டான். வீல்சேர்ல வர்ற ஜூனியர் பொண்ணு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேர் பின்னாடி புடிச்சுக்கிட்டாதான் எறங்க முடியும், அப்ப அந்த ரேம்ப் யாருக்கு?

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016ல வந்துச்சு, பழைய பொதுக் கட்டடத்தையெல்லாம் அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தணும்னு அதுலயே இருக்கு. அதைச் சொன்னா, "அதான் ரேம்ப் கட்டியாச்சேப்பா" ன்றாங்க. கட்டுறதுக்கு முன்னாடி என்ன ஒரு தடவ கூப்ட்டு நடக்க விட்டுப் பாத்திருந்தா போதும், சட்டமே தேவையில்ல.

#15 பி_பிளாக்_ஹாஸ்டல்
@மூணாங்கால் இதைப் படிச்சுட்டு எங்க ரேம்ப்ப போய் காலடி வச்சு அளந்தேன். ஒன்பது அடி. அதுமேல பைக் நிறுத்தி வச்சிருக்காங்க.

#16 பேராதனைக்காரன்
இலங்கையில இருந்து எழுதுறன். நான் பேராதனையில படிச்சனான். எங்கட பல்கலைக்கழகம் 1952ல தான் கொழும்பில இருந்து மலைப்பக்கம் போனது. நடுவுக்குள்ளால மகாவலி ஓடுது, கட்டடங்கள் எல்லாம் ஓட்டுக் கூரை, நல்ல சரிவாப் போட்டிருக்கு. எவ்வளவு மழை பெய்தாலும் வழிஞ்சு போயிடும். நீங்கள் தட்டைக் கூரையப் போட்டுட்டு தண்ணியோட சண்டை பிடிக்கிறியள் எண்டு நினைக்கிறன். எங்களுக்கு வேற பிரச்சினை, ஓட்டுக்கு மேல குரங்கு. ஒரு ஓடு உடைஞ்சா அடுத்த நாளே விரிவுரை மண்டபத்துக்குள்ள குளம்தான் 😅

#17 கொத்தனார்பேரன்
அண்ணே மொட்டமாடி இல்லாம நாங்க வடாம் எங்க காயப்போடுறது, வைகாசில எங்க படுக்குறது. இங்க வருஷத்துல பத்து மாசம் வெயில், அதுக்குத்தான் தட்டையா தடிமனா போட்டது. தட்டைக் கூரையிலயும் வாட்டம் இருக்கும், தண்ணி ஒரு பக்கமா ஓடி தூம்புல எறங்கும். வாட்டம் சரியா இருந்தா சண்டையே இல்ல.

#18 தூசிமேகம்
சட்டம் பத்திப் பேசுறதால ஒண்ணு. சத்தத்துக்கும் ரூல் இருக்கு. 2000ல வந்த ஒலி மாசு விதிகள், காலேஜ சுத்தி நூறு மீட்டர் அமைதி மண்டலமா அறிவிக்கலாம், பகல்ல 50 டெசிபல், ராத்திரி 40. எங்க ஹாஸ்டல் பக்கத்துல ராத்திரி 11 மணிக்கு கான்கிரீட் மிக்ஸர் ஓட்டுனப்ப இதை ப்ரிண்ட் எடுத்துட்டுப் போய் வார்டன்கிட்ட குடுத்தோம். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் அமைதி மண்டலத்துல சத்தம் போடுற கட்டுமான மெஷின் ஓட்டக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. நின்னுடுச்சு. ஆனா பகல் சத்தத்துக்கு இதை வச்சு ஜெயிக்க முடியல. 50 டெசிபல்னா சாதாரணமா பேசுறதே தாண்டிடும், எங்க கேண்டீனே ரூல மீறுதுன்னு சொல்லி சிரிச்சுட்டாங்க. கடைசில வேலை செஞ்சது ரூல் இல்ல, சி.ஆர் (கிளாஸ் ரெப்) போய் மேஸ்திரிகிட்ட பேசி, ட்ரில் வேலைய லஞ்ச் டைமுக்கும் நாலு மணிக்கு மேலயும் வச்சுக்கோங்கண்ணேன்னு கேட்டது. அவரு ஒரே வார்த்தைல சரின்னுட்டாரு. "மொதல்லயே கேட்டிருக்கலாம்லப்பா" ன்னாரு.

#19 ஈரச்சுவர்
@தூசிமேகம் இது நல்லாருக்கே, நாங்க அவங்ககிட்ட பேசவே இல்ல. உண்மையச் சொன்னா பேசுறதுக்கு பாஷையும் இல்ல, பாதிப் பேர் ஒடிசா, பீகார். சைக்கிள் ஸ்டாண்ட் பின்னாடி தகர ஷெட்டு போட்டு இருக்காங்க. அங்க இருந்து ஒரு குட்டிப் பையன் தினமும் எங்க லேப் ஜன்னல்ல எட்டிப் பாப்பான். போன வாரம் உள்ள கூப்ட்டு ப்ரிஸம்ல வானவில் காட்டுனோம். அவன் போய் இன்னும் நாலு பேர கூட்டிட்டு வந்துட்டான். லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் திட்டுவாருன்னு பாத்தா அவரே இன்னொரு ப்ரிஸம் எடுத்துட்டு வந்து குடுத்தாரு.

ஆனா அந்தப் பசங்களோட அம்மாக்கள் எங்க கிளாஸுக்கு மேல ஜல்லிச் சட்டி தூக்கிட்டு நடக்குறாங்க, பசங்க கம்பி குவிஞ்சு கெடக்குற எடத்துல வெளாடுதுங்க. நாங்க தூசி பத்திப் புலம்புறோம், அவங்க அந்தத் தூசியிலயே தூங்குறாங்க. இதை எழுதணுமான்னு யோசிச்சேன், எழுதிட்டேன்.

#20 சைட்_சிவில்
எழுதுனது நல்லது. 1996லயே கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, கட்டுமானச் செலவுல ஒரு சதவீதம் அவங்க நலனுக்குன்னு செஸ் புடிக்கிறோம். தண்ணி, கக்கூஸ், தங்க எடம் குடுக்கணும். 50 பெண் தொழிலாளருக்கு மேல இருந்தா குழந்தைகளுக்கு தனி அறையே வேணும்னு அந்தச் சட்டத்துல இருந்துச்சு. சின்ன சைட்டுங்கள்ல அந்த நம்பர் வராது, அதனால அந்த அறையும் வராது. என் சைட்டும் அப்படித்தான், பெருமையா சொல்ல ஒண்ணும் இல்ல.

#21 மாடரேட்டர்
ரெண்டு கமெண்ட்ட தூக்கிருக்கேன். காலேஜ் பேரு, கான்ட்ராக்டர் பேரு, மாடி ஃபோட்டோ எதுவும் வேணாம்னு இழை ஆரம்பிச்சவரே கேட்டிருக்காரு. ஃபோட்டோவுல செவுத்து கலர வச்சே கண்டுபிடிக்கிற ஆளுங்க இங்க இருக்கீங்க, தெரியும்.

#22 ஈரச்சுவர்
சரி இப்ப நாங்க என்ன பண்ணலாம்? கிளாஸ் மொத்தம் 22 பேரு, செம் எக்ஸாம் நவம்பர் கடைசில, அந்த 14ஆம் ரூம் எக்ஸாம் ஹால்.

#23 பழையமாணவன்96
ஆர்.டி.ஐ போடு தம்பி. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எஸ்டிமேட் காப்பி, அக்ரிமெண்ட் காப்பி, எம்-புக் காப்பி கேளு. எம்-புக்னா எவ்ளோ வேலை நடந்துச்சுன்னு அளந்து எழுதுற புத்தகம், அதுல எழுதுனதுக்குத்தான் பில். 30 நாள்ல பதில் வரணும். பயமா இருந்தா நீ போடாத, நான் போடுறேன், எனக்கு வைவா எதுவும் இல்ல 🙂 அக்ரிமெண்ட்ல குறைபாட்டுப் பொறுப்புக் காலம்னு ஒண்ணு இருக்கும், அந்தக் காலத்துக்குள்ள ஒழுகுனா கான்ட்ராக்டர் சொந்தச் செலவுல சரி பண்ணணும். அது தேதி எப்ப முடியுதுன்னு மொதல்ல பாரு.

#24 கொத்தனார்பேரன்
அது வர்ற வரைக்கும் மாடிக்குப் போய் பாக்க வழி இருந்தா பாரு. ஒரு கூழாங்கல்ல எடுத்து தளத்துல தட்டிக்கிட்டே போ. கணீர்னு கேட்டா ஒட்டியிருக்கு, டொப்புனு கேட்டா உள்ள பொள்ளல். பொள்ளல் எடத்த சாக்பீஸ்ல வட்டம் போடு. அப்புறம் கீழ வந்து சொட்டுற எடத்தோட ஒத்துப் பாரு. நேர் மேல இருக்காது, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், தண்ணி உத்திரத்த புடிச்சுக்கிட்டு நடந்து வந்துதான் சொட்டும். அப்படியே தூம்பையும் பாத்துடு.

#25 சும்மாபடிக்கிறவன்
பசங்கள மாடிக்கு ஏத்தி விடாதீங்கப்பா. யாராவது விழுந்தா இந்த இழைல யாரு பதில் சொல்றது. பெர்மிஷன் வாங்கிட்டு ஒரு பெரியவரக் கூட்டிட்டுப் போங்க. (ஆமா, நான்தான் சொல்றேன்.)

#26 ஈரச்சுவர்
அப்டேட். ஹெச்.ஓ.டி கிட்ட கேட்டோம், திட்டுவாருன்னு நெனச்சா அவரே ஷூவ கழட்டிட்டு கூட வந்துட்டாரு, லேப் அசிஸ்டெண்ட் அண்ணனும் வந்தாரு. நாலு பேரு போனோம். தட்டிப் பாத்தோம். கணீர் டொப் வித்தியாசம் கேக்க ஆரம்பிச்சதும் நிறுத்தவே மனசு வரல, ஹெச்.ஓ.டி அக்கூஸ்டிக்ஸ் ஆளு, அவருக்கு குஷியாயிடுச்சு, ரெசோனன்ஸ் பத்தி அங்கயே ஒரு கிளாஸ் எடுத்தாரு. பொள்ளல் மொத்தம் பதினோரு எடம். விரிசல் ஒண்ணு கரெக்டா உத்திரம் போற லைன்லயே நீளமா போகுது.

அப்புறம் தூம்பு. மொத்தம் நாலு. அதுல ரெண்டுக்குள்ள காலி சிமெண்ட் பை, மாவாக் கெடந்த கலவை, ஒரு கிழிஞ்ச செருப்பு. யாரோ வேலை நடக்குறப்ப தண்ணி கீழ போகாம இருக்க அடைச்சிருக்காங்க, எடுக்க மறந்துட்டாங்க. அதாவது அந்தப் பக்கம் மாடி முழுக்க ரெண்டு மாசமா குளமாத்தான் இருந்திருக்கு. எல்லாத்தையும் புடுங்கிப் போட்டோம். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தச் செருப்ப ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு இருந்துச்சு.

#27 கொத்தனார்பேரன்
😂😂 தாத்தாகிட்ட படிச்சுக் காட்டுனேன். "சுண்ணாம்பு, சிமெண்ட்டுன்னு இத்தன நாளு சண்ட போட்டீங்களே, தூம்ப மொதல்ல பாக்கணும்டா"ன்னாரு. ஆனா உத்திரம் லைன்ல விரிசல்னு சொன்னதும் சிரிப்ப நிறுத்திட்டாரு. அந்த உத்திரத்தோட முனைய செவுத்துப் பக்கம் சின்ன ஆணியால குத்திப் பாக்கச் சொன்னாரு, ஆணி சுளுவா எறங்குனா அந்த ரூம்ல யாரையும் உக்கார வைக்காதீங்கன்னாரு. இதை வெளாட்டா எடுத்துக்காத தம்பி.

#28 ஈரச்சுவர்
நேத்து ராத்திரி நல்ல மழை. காலைல போய்ப் பாத்தோம். ஒரு எடத்துல சுத்தமா நின்னுடுச்சு, தூம்பு பக்கத்துல இருந்தது. மத்த ரெண்டும் அப்படியே. ஒரு வாளி மிச்சம்.

ஹெச்.ஓ.டி சாக்பீஸ் வட்டத்தையெல்லாம் வரைபடமா போட்டு லெட்டர் எழுதி மேல அனுப்பிருக்காரு, உத்திரத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வச்சு பாக்கணும்னு. 96 அண்ணன் ஆர்.டி.ஐ போட்டுட்டாரு. ஆணி குத்துறதுக்கு ஏணி வேணும், மேஸ்திரிகிட்ட கேட்டிருக்கோம், அந்தக் குட்டிப் பையன்தான் மொழிபெயர்ப்பு, அவன் மூணு மாசத்துல எங்களவிட நல்லா தமிழ் பேசுறான்.

#29 மூணாங்கால்
ஏணியில ஏறுறவங்க அப்படியே அந்த மேஸ்திரிய எங்க ஊருக்கும் ஒரு நாள் அனுப்பி வைங்க. ரேம்ப்ப இன்னும் பன்னெண்டு அடி நீட்டணும்.

#30 ஈரச்சுவர்
எக்ஸாம் ஹால் லிஸ்ட் இப்பதான் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. 14ஆம் ரூம இன்னும் லிஸ்ட்ல இருந்து எடுக்கல. எனக்கு அங்கதான், ரெண்டாவது வரிசை, சொட்டுற எடத்துக்கு ஒரு பெஞ்சு தள்ளி. நாளைக்கு ஹெச்.ஓ.டிய கூட்டிட்டு எக்ஸாம் செக்ஷனுக்குப் போறோம், ரூம் மாத்தச் சொல்லி. போயிட்டு வந்து எழுதுறேன்.